மடங்கிய கையும் அகன்ற பலகையும்: பொப் சிமன்ஸின் கதை

அலைச்சறுக்கு என்றதும் எங்களில் பலருக்கு அறுகம் குடாதான் நினைவுக்கு வரும். பொத்துவில் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள். வெளிநாட்டவர்களும் உள்ளூர்ப் பொடியன்களும் ஆளைவிட நீளமான பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்து போவார்கள். ஒரு கையால் தூக்கக்கூடிய பாரம்தான் அது. பார்க்கிறவருக்கு அதில் வியக்க ஒன்றும் இருப்பதில்லை.

ஆனால் 1930களில் அந்த அளவுப் பலகை ஒன்றை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடப்பதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைத் தூக்கக்கூடிய பொருளாக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு கை நிமிராத மனிதர். பெயர் பொப் சிமன்ஸ். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்து, 35 வயதில் கடலிலேயே இறந்துபோனவர். அலைச்சறுக்கு வரலாற்றை எழுதுகிறவர்கள் நவீன பலகையின் தந்தை என்று அவரைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள்.

விளையாட்டு வீரர் ஒருவரின் புகழைப் பாடுவதற்காக நான் இதை எழுதவில்லை. சிமன்ஸ் செய்த வேலையின் மையத்தில் அளவு பற்றிய ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பொருளின் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றை எங்கிருந்து எடுப்பது? முன்பு இருந்ததைப் பார்த்தா? கடையில் விற்பதைப் பார்த்தா? அல்லது அதைப் பயன்படுத்தப் போகிற உடலையும் அது போய் நிற்கப்போகிற இடத்தையும் பார்த்தா? போருக்குப் பிறகு எங்களுக்கு என்று செய்து தரப்பட்ட பல பொருட்களைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த கேள்வியும் இதுதான்.

ஒரு முழங்கை

ரொபர்ட் வில்சன் சிமன்ஸ் 1919 மார்ச் 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார், பக்கத்தில் உள்ள பசடீனாவில் வளர்ந்தார். அளப்பதிலும் கணக்கிடுவதிலும் ஊறிய குடும்பம். அண்ணன் எட்வர்ட் சிமன்ஸ், உலோகம் பாரம் தாங்கும்போது ஏற்படும் மிக நுண்ணிய நெளிவை மின்சாரத்தால் அளக்கும் கருவியை 1938 அளவில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். பாலம், விமானம், தராசு என்று இன்றும் எத்தனையோ இடங்களில் அது பயன்படுகிறது.

தம்பிக்குப் பதின்ம வயதிலேயே காலில் கட்டி வந்தது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்ற நிலை. கால் தப்பியது. மீண்டும் பலம் சேர்க்க சைக்கிள் ஓடத் தொடங்கினார். அந்தச் சைக்கிளே விபத்தில் சிக்கி, இடது முழங்கை நொறுங்கியது. வைத்தியர்களால் அதை மடங்கிய நிலையிலேயே பொருத்த முடிந்தது. அதன் பிறகு அந்தக் கை முழுதாக நீளவே இல்லை.

வைத்தியசாலையில் கூட இருந்த ஒரு நோயாளிதான் அலைச்சறுக்கைப் பற்றி அவருக்குச் சொன்னார் என்பது அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை. கைக்கும் உடலுக்கும் நல்ல பயிற்சி என்று சொல்லப்பட்டதாம். உண்மையில் கை நிமிராத ஒருவருக்கு அது மிகக் கடினமான விளையாட்டு. பலகையில் குப்புறப் படுத்து இரண்டு கைகளாலும் தண்ணீரை வலித்துத்தான் அலை உடையும் இடத்துக்குப் போக வேண்டும். ஒரு கை எட்டாவிட்டால் பலகை ஒரு பக்கமாக இழுபடும்.

போரில் காயமடைந்து உடல் மாறிப்போனவர்களைச் சந்தித்து எழுதுவதற்காக நான் சில வருடங்கள் முல்லைத்தீவுக் கரையோரத்தில் அலைந்திருக்கிறேன். அந்த வேலைக்காக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் சிமன்ஸின் வாழ்க்கை கண்ணில் பட்டது. காயத்தை மனவுறுதியால் வென்ற வீரர் என்று அவரைக் காட்டும் எழுத்துகளை விட, அவர் செய்த பலகைகளின் அளவுகளைப் பேசும் எழுத்துகள் என்னை அதிகம் ஈர்த்தன. மனவுறுதி அவரிடம் இருந்திருக்கும். ஆனால் அவர் மாற்றியது பலகையை. உடலைப் பலகைக்கு ஏற்றபடி வளைக்க முடியாது என்பது அந்த முழங்கை அவருக்கு நாள்தோறும் சொன்ன பாடம்.

நூறு இறாத்தல் பாரம்

1930களில் கலிபோர்னியாவில் பாவித்த பலகைகள் செம்மரம் என்று அங்கே சொல்லப்படும் ரெட்வூட் மரத்தாலும், மிக இலேசான பால்சா மரத்தாலும் ஆனவை. நீளம் பத்து, பன்னிரண்டு அடி. பாரம் 80 முதல் 100 இறாத்தல் வரை போகும். நூறு இறாத்தல் என்றால் 45 கிலோ. எங்கள் ஊரில் சீமெந்து மூடை ஒன்று 50 கிலோ என்பதை நினைத்தால் அதன் கனம் விளங்கும். அதைத் தோளில் வைத்து மணலில் நடந்து, கடலில் திருப்பி, தவறி விட்டால் கரைவரை நீந்தி வந்து மீண்டும் எடுக்க வேண்டும். பலகையைக் காலோடு கட்டும் கயிறு 1970களில்தான் பரவியது.

பாரத்தைக் குறைக்க முயன்றவர்கள் சிமன்ஸுக்கு முன்பும் இருந்தார்கள். டொம் பிளேக் என்பவர் உள்ளே கூடாக இருக்கும் பலகையைச் செய்தார். 1935இல் பலகையின் அடியில் முதன்முதலாக ஒரு செட்டையைப் பூட்டிப் பார்த்தவரும் அவரே. கூட்டுப் பலகை இலேசாக இருந்தாலும் மூட்டுகளுக்குள்ளால் தண்ணீர் கசிந்தது.

ஹவாயில் வேறு ஒரு பிரச்சினை. அங்கே அலை செங்குத்தாக எழும்பும். அகன்ற வால் கொண்ட பலகை அந்தச் சரிவில் பிடிப்பில்லாமல் பக்கவாட்டில் வழுக்கிவிடும். 1937இல் ஜோன் கெலி என்ற இளைஞர் பொறுமை இழந்து, கோடரியை எடுத்துத் தன் பலகையின் வால் பகுதியைக் கொத்தி ஒடுக்கினார். ஒடுங்கிய வால் தண்ணீருக்குள் பதிந்து பிடித்துக்கொண்டது. அவர்களுடைய அலைக்கு அது சரியான விடை. கலிபோர்னியாவின் கோடைகாலச் சின்ன அலைக்கு அதே ஒடுங்கிய வாலைக் கொண்டுவந்தால் பலகை தண்ணீருக்குள் அமிழ்ந்து நின்றுவிடும். ஒரு கடலுக்குச் சரியான அளவு இன்னொரு கடலுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சிமன்ஸ் தச்சுவேலையைப் பழகிக்கொண்டது காட் சேப்பின் என்பவரோடு. சேப்பின் கராஜ் கதவுகள் செய்பவர், அக்காலத்தின் தேர்ந்த அலைச்சறுக்காளர்களில் ஒருவர். கதவு செய்கிற இடத்திலேயே பலகைகளும் உருவாகின. வாளும் சீவுளியும் பழகிய கைக்குப் பிறகு கணக்கும் வந்து சேர்ந்தது.

போர்ப் படகிலிருந்து வந்த கணக்கு

சிமன்ஸ் கல்டெக் என்று அழைக்கப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டக்ளஸ் விமான நிறுவனத்தில் கணிதவியலாளராக வேலை செய்தார். நல்ல அலை வந்தால் வேலையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் 1946இல் லிண்ட்சே லோர்ட் என்ற படகு வடிவமைப்பாளரின் நூல் ஒன்று வெளியானது. போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக, வேகமாக ஓடும்போது தண்ணீருக்கு மேல் எழும்பும் படகுகளை ஆராய்ந்தவர் லோர்ட். அந்த முடிவுகளை அட்டவணைகளோடு தொகுத்திருந்தார். சிமன்ஸ் அதை ஊன்றிப் படித்தார்.

அந்தக் கணக்கைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். படகு இரண்டு வகையில் ஓடும். மெதுவாகப் போகும் வள்ளம் தண்ணீரைத் தள்ளி ஒதுக்கிக்கொண்டு போகிறது. அதற்கு நீண்டு ஒடுங்கிய உடல் நல்லது. வேகம் கூடியதும் எழும்பி ஓடும் படகுக்கு வேறு விதி. அதன் அடிப்பகுதி தண்ணீரை முதலில் சந்திக்கும் கோட்டை ஒட்டித்தான் மேலே தூக்கும் விசை அதிகமாகப் பிறக்கிறது. அந்தக் கோடு அகலமாக இருந்தால் தூக்கும் விசை கூடும். அதற்குப் பின்னால் நனைந்து கிடக்கும் நீளம் பெரும்பாலும் உராய்வைத்தான் தருகிறது. ஆகவே ஒரே பரப்பளவு கொண்ட இரண்டு பலகைகளில் அகன்றது எளிதில் எழும்பும், ஒடுங்கி நீண்டது சிரமப்படும்.

அலையில் ஓடும் பலகையும் எழும்பி ஓடும் படகுதான், எஞ்சின் இல்லை என்பதுதான் வித்தியாசம் என்று சிமன்ஸ் கண்டார். அதுவரை பலகை செய்தவர்கள் முன்னோர் செய்ததைப் பார்த்து, கை சொன்னபடி செதுக்கினார்கள். அவர் காகிதத்தில் கணக்கிட்டுவிட்டு மரத்தைத் தொட்டார்.

சின்ன அலை என்ன கேட்கிறது?

பெரிய அலையில் ஓடுவதுதான் கடினம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. பயத்தைப் பொறுத்தவரை அது சரி. பலகை செய்பவரைப் பொறுத்தவரை சின்ன அலையே கஞ்சன்.

அலை, தன் உயரத்தை விடக் கொஞ்சம் கூடிய ஆழத்துக்கு வரும்போது உடைகிறது. அந்த ஆழமே அதன் வேகத்தையும் தீர்மானிக்கிறது. ஆறடி அலை உடையும்போது ஏறத்தாழ மணிக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் வரும். இரண்டடி அலை வருவது மணிக்கு 10 கிலோமீற்றர் அளவில். தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே பலகைக்கு அந்தச் சின்ன அலையில் கிடைக்கும் விசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஏறி நிற்கும் ஆளின் எடையோ குறையவில்லை. மிச்சத்தைப் பலகையின் அளவுதான் ஈடுசெய்ய வேண்டும்.

இன்று சின்ன அலைக்கென்று லோங்போர்ட் எனப்படும் நீளப் பலகையைச் செதுக்குகிறவர்கள் போடும் கணக்கும் இங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் நீளம். ஒன்பது அடிக்குக் குறையாத பலகையைத்தான் பொதுவாக லோங்போர்ட் என்பார்கள். நீளமான பலகையைக் கையால் வலித்து வேகமெடுப்பது இலகு. அலை இன்னும் செங்குத்தாகாமல் வெறும் மேடாக வரும்போதே அதைப் பிடித்துவிடலாம். சின்ன அலையில் இந்த முந்துதல் பெரிய ஆதாயம். ஆனால் நீளம் கூடக்கூடத் திருப்புவது கடினம். ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒன்பதரை அடி அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்தது அகலம். நடுவில் 23 அங்குலம் அளவு. அதைவிட முக்கியமானவை முன்முனையிலும் வாலிலும் உள்ள அகலங்கள். இவற்றை முனைகளிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி அளப்பது வழக்கம். முன்னால் 18 அங்குலத்துக்கு மேலும், வாலில் 15 அங்குலம் அளவிலும் விட்டால் பலகை எளிதில் எழும்பும். லோர்டின் கணக்கும் சிமன்ஸின் அகன்ற வாலும் வாழ்வது இந்த அங்குலங்களில்தான்.

மூன்றாவது தடிப்பு. நடுவில் மூன்று அங்குலம் அளவு. ஒரு லீற்றர் பருமன் கடல்நீரில் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். தடிப்பைக் கூட்டினால் மிதப்பு கூடும், ஆனால் விளிம்பும் பருத்துவிட்டால் பலகை தண்ணீரில் பதியாமல் துள்ளும். அதனால் நடுவில் தடிப்பை வைத்து விளிம்பை மெலிதாக்குகிறார்கள்.

நான்காவது, பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் வளைவு. எங்கள் வள்ளத்தின் அணியம் மேல் நோக்கி எழுவது போல, பலகையின் முன்முனையும் கொஞ்சம் எழ வேண்டும். இல்லாவிட்டால் அலையிலிருந்து இறங்கும்போது முனை தண்ணீருக்குள் குத்திவிடும். ஆனால் வளைவு கூடினால் பலகை தண்ணீரைத் தள்ளத் தொடங்கும், வேகம் செத்துவிடும். சின்ன அலைக்கு முன்னால் சிறிய எழுச்சியும், மற்றப்படி தட்டையான அடியும் போதும். சிமன்ஸ் முன்முனையைக் கரண்டி போல உயர்த்தியதற்குக் காரணமும் இதுவே.

ஒரு பலனைக் கூட்டினால் இன்னொன்று குறையும். வாலை அகலமாக்கியதும் சிமன்ஸுக்கு அந்த விலை தெரிந்தது. நடுவில் ஒற்றைச் செட்டை வைத்தால், பலகை ஒரு பக்கம் சரியும்போது செட்டை தண்ணீரை விட்டு எழும்பி, வால் வழுக்கிவிடும். அவர் வாலை ஒடுக்கவில்லை. இரண்டு விளிம்புகளை ஒட்டி ஆழமில்லாத இரண்டு செட்டைகளைப் பூட்டினார். எந்தப் பக்கம் சரிந்தாலும் ஒன்றாவது தண்ணீரில் இருக்கும். ஹவாயில் கோடரியால் தீர்த்த அதே பிரச்சினையை, தன்னுடைய கடலுக்கு ஏற்றபடி அவர் வேறு வழியில் தீர்த்தார்.

ரெஜிபோமும் கண்ணாடியிழையும்

வடிவம் கணக்கில் வந்துவிட்டது. பாரம் இன்னும் இருந்தது. அதற்கு விடை போர் வளர்த்துவிட்ட பொருட்களில் கிடைத்தது. கண்ணாடியிழையும் அதை இறுக்கும் பசையும் போர்க்காலத் தொழிற்சாலைகளில் வளர்ந்தவை. போர் முடிந்ததும் அவை வெளிச்சந்தைக்கு வந்தன. கலிபோர்னியாவில் பீற் பீற்றர்சன் என்பவர் 1946இல் கண்ணாடியிழையால் ஒரு பலகை செய்து பார்த்தார். சிமன்ஸும் அந்தப் பொருளை விரைவிலேயே கையில் எடுத்தார். பால்சா மரம் இலேசு, ஆனால் தண்ணீரை உறிஞ்சும், இலகுவில் நசுங்கும். அதன்மேல் மெல்லிய கண்ணாடியிழைத் தோல் போர்த்தினால் இரண்டு குறையும் தீரும்.

எங்கள் கரைகளில் கிடக்கும் பைபர் படகும் அதே குடும்பத்துப் பொருள்தான். கண்ணாடியிழைப் பாயைப் பசையில் தோய்த்து அச்சில் படிய வைக்கும் வேலையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த மணம் தெரியும்.

1949 அளவில் சிமன்ஸ் இன்னும் ஒரு படி போனார். நாங்கள் ரெஜிபோம் என்று சொல்கிற வெள்ளைப் பஞ்சுப் பொருளைப் பலகையின் உள்ளீடாக வைத்தார். ஆனால் கண்ணாடியிழைக்குப் பூசும் பசை பட்டால் ரெஜிபோம் கரைந்துவிடும். ஆகவே மேலும் கீழும் மெல்லிய ஒட்டுப்பலகை, பக்கங்களில் பால்சா விளிம்பு என்று பெட்டிபோல அடைத்து, அதற்கு மேல் கண்ணாடியிழையைப் போர்த்தினார். பாரம் பழைய பலகைகளின் பாதியை விடவும் இறங்கியது. 1950களின் கடைசியில் பசையால் கரையாத வேறு பஞ்சுப் பொருள் வந்ததும் உலகம் முழுவதும் பலகைத் தொழில் அந்த வழிக்கு மாறியது. இலேசான உள்ளீட்டுக்கு வலுவான தோல் என்ற எண்ணத்தை முன்கூட்டியே செய்து காட்டியவர் அவர்.

இன்னொரு உடலுக்கு ஒரு பலகை

சிமன்ஸின் கதையை அவரோடு மட்டும் நிறுத்தினால் அது பாதிக் கதை. அவரோடு சேர்ந்தும் அவருக்குப் போட்டியாகவும் வேலை செய்த இருவர் ஜோ குவிக், மட் கிவ்லின். 1947இல் திரைப்படத் தயாரிப்பாளர் டரில் சனக்கின் மகள் டரிலினுக்காகக் குவிக் ஒரு பலகை செய்தார். பத்தடி அளவு நீளம், ரெட்வூட்டும் பால்சாவும் கலந்தது, மேலே கண்ணாடியிழை. பழகத் தொடங்கும் பெண் ஒருவர் தூக்கவும் திருப்பவும் கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அளவுகளுக்குப் பின்னால் இருந்த எண்ணம்.

மாலிபுக் கடற்கரையில் அந்தப் பலகை இறங்கியதும் ஆண்கள் அதை இரவல் கேட்கத் தொடங்கினார்கள். தங்களுடைய பலகைகளை விட அது நன்றாகத் திரும்பியது. சிமன்ஸின் பலகைகள் நேராக ஓடுவதில் மிக வேகமானவை, ஆனால் அவற்றைச் சட்டென்று திருப்புவது கடினம். மாலிபுவின் நீண்டு விரியும் அலைக்குத் திருப்பமும் தேவைப்பட்டது. பின்னர் மாலிபுப் பலகை என்று பெயரெடுத்த வடிவம் இந்த வழியில் வந்தது. யார் முதலில் என்ற வாதம் அலைச்சறுக்காளர்களிடையே இன்றும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கதை. நிமிராத கை ஒன்று பழைய அளவைக் கேள்வி கேட்டது. பலம் குறைந்த ஒருவருக்காக எடுத்த அளவு பலமானவர்களுக்கும் நல்லதாய் முடிந்தது.

இதை வாசித்த காலத்தில் நான் முல்லைத்தீவில் சந்தித்த கடற்றொழிலாளர் ஒருவர் நினைவில் நின்றார். ஷெல் துண்டு அவருடைய வலது கையின் விரல்களைப் பறித்திருந்தது. எஞ்சினின் பிடியைப் பிடிக்க முடியாது. அவர் ஒரு குழாய்த் துண்டை அந்தப் பிடியோடு பொருத்தி, முன்னங்கையால் தள்ளிப் படகைத் திருப்பினார். குழாயின் நீளம் சரிவர மூன்று தடவை வெட்ட வேண்டியிருந்ததாம். நீளம் கூடினால் வலைக்கு இடைஞ்சல், குறைந்தால் கைக்கு எட்டாது. அவரிடம் கணக்குப் புத்தகம் இல்லை. ஆனால் அவர் செய்ததும் சிமன்ஸ் செய்ததும் ஒரே வேலை.

அதே கிராமத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு உதவி நிறுவனம் ஒன்று கொடுத்த சக்கர நாற்காலி முற்றத்தில் கிடந்தது. வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டின் குளியலறை வாசலுக்குள் அது நுழையாது. மணல் ஒழுங்கையில் உருளாது. நாற்காலியின் அளவும் வாசலின் அளவும் தத்தமது படிவங்களில் சரியாகவே இருந்திருக்கும். அந்த இரண்டையும் அவளுடைய உடலோடு சேர்த்து ஒருவரும் அளக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவின் கரைகளில் பகிரப்பட்ட படகுகளிலும் அந்தந்தக் கடலுக்குப் பொருந்தாதவை இருந்தன. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் நான் குறை சொல்ல வரவில்லை. அளவு எடுக்கும் நேரத்தில் பயனாளியின் வீட்டுக்குப் போகாத நல்லெண்ணம் முற்றத்தில் துருப்பிடிக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

கடைசி அலை

சிமன்ஸ் எளிதில் பழகக்கூடிய மனிதர் அல்லர். தனிமை விரும்பி, கோபக்காரர், தன் கருத்தை விட்டுக்கொடுக்காதவர் என்றே அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். பழைய போர்ட் கார் ஒன்றின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு, காருக்குள்ளேயே படுத்து, கரையோரம் முழுவதும் அலை தேடித் திரிந்தார். வானிலை வரைபடங்களைப் பார்த்து, எந்தப் புயல் எந்தக் கரைக்கு எப்போது அலை அனுப்பும் என்று கணிப்பது அவருடைய வழக்கம். பணம் சேர்க்கவில்லை. சொந்த வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதி வைத்தவை என்று பெரிதாக எதுவும் வாசகர்களுக்குக் கிடைப்பதில்லை. அவருடைய எண்ணங்களை அறிய வேண்டுமானால் எஞ்சியிருக்கும் பலகைகளைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

1954 செப்டெம்பரில், சான் டியாகோவுக்கு அருகே லா ஹோயாவில் உள்ள விண்டன்சீ கடற்கரையில் அலை ஓரளவு பெரிதாக இருந்த ஒரு நாள் அவர் கடலில் இறங்கினார். திரும்பவில்லை. சில நாட்களின் பின்னர் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய பலகையே தலையில் மோதியிருக்கலாம் என்று பலரும் கருதுகிறார்கள். வயது 35.

அவருக்குப் பிறகு பலகைகள் திருப்பத்தை நோக்கிப் போயின. 1960களின் கடைசியில் நீளமும் வேகமாகக் குறையத் தொடங்கியது. அகன்ற வாலும் இரட்டைச் செட்டையும் பழங்காலத்து விசித்திரமாகப் பார்க்கப்பட்டன. 2006 அளவில் சான் டியாகோவில் ரிச்சர்ட் கென்வின், ஜோ பாகஸ் என்ற இருவர் அவருடைய பழைய பலகைகளின் வடிவத்தை ஆராய்ந்து, வெறும் ஆறடி அளவில் ஒன்று செய்து பார்த்தார்கள். சின்ன அலையில் அது பறந்தது. மினி சிமன்ஸ் என்ற பெயரில் அந்த வடிவம் பல நாடுகளுக்குப் பரவியது. பத்தடிப் பலகையின் நீளத்தை அவர்கள் வெட்டி எறிந்தார்கள், ஆனால் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள உறவையும், தட்டையான அடியையும், அகன்ற வாலையும் விடவில்லை. அதாவது எண்களை மாற்றிவிட்டு, அந்த எண்கள் பிறந்த காரணத்தைக் காப்பாற்றினார்கள்.

இன்று நல்ல பலகைத் தச்சர் ஒருவரிடம் போனால் அவர் உடனே அளவுநாடாவை எடுப்பதில்லை. உங்கள் எடை என்ன, எத்தனை வருடம் பழகியிருக்கிறீர்கள், உடலில் எங்காவது காயம் இருக்கிறதா, எந்தக் கரையில் இறங்குகிறீர்கள், அங்கே வருடத்தில் அதிக நாட்கள் எந்த அளவு அலை வரும் என்று கேட்பார். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. வருடத்தில் இரண்டு நாள் வரும் பெரிய அலையைக் கனவு கண்டு பலகை செய்தால், மிச்ச நாட்களில் அது சுவரில் சாய்ந்து நிற்கும். அதிக நாட்கள் வருவது சின்ன அலைதான். அந்தப் பதில்களைக் கேட்டுவிட்டுத்தான் முதல் அங்குலத்தை எழுதுவார்.

எங்களுக்கும் இன்னும் எத்தனையோ பொருட்கள் செய்யப்பட இருக்கின்றன. செயற்கைக் கால், வீட்டு வாசல், பள்ளிக்கூடப் படி, படகு, நட்ட ஈட்டுப் படிவம் வரைக்கும். செய்ய வருகிறவர்கள் அளவை எழுதிக்கொண்டு வராமல் கேள்வியோடு வந்தால் போதும். பதில் சொல்ல எங்கள் கரைகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.